கம்பெனி கொண்டுவந்த தாய்மாமன் சீர்

ஐம்பதுகளின் கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம், எங்கள் வீட்டுக்கு வந்த யாருக்கும் நான் ஒரு வாய் கோப்பி கொடுக்கவில்லை. கஞ்சத்தனம் என்று பேசியவர்கள் உண்டு. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை, அடுப்பே பற்றவைப்பதில்லை என்று கதை கட்டியவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. என் வீட்டுக்காரர் தேர்தலில் நின்றார். தின்னவும் குடிக்கவும் கொடுத்து ஓட்டு வாங்கக் கூடாது என்று புதுச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள்கூட அவரளவுக்கு அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் தோற்றார். நன்றாகவே தோற்றார். ஜெயித்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காக யாரும் இதைப் படிக்க வேண்டாம். அந்த மாதம் முழுக்க நான் பயந்தது ஓட்டை நினைத்து இல்லை, என் அண்ணனை நினைத்து. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். அந்த ஒருவனையும் இந்தத் தேர்தல் என்னிடமிருந்து பிரித்துவிடுமோ என்றுதான் பயம்.

அப்போது, வெள்ளைக்காரன் இன்னும் ஆண்டுகொண்டிருந்த இந்தத் தீவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு பாயின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு குழாய், கீழே இருந்து நாள் முழுக்க ஏறிவரும் மிளகாய் நெடி. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் சாக்குகளைப் பார்த்து எழுதுகிற வேலை. எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடித்துக் கடிதம் போடுகிற புத்தி வந்துவிட்டது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் கடிதம். டிராலி பஸ் நிற்காமல் போனால் கடிதம். நான் வைத்த ரசத்தில் உப்பு கூடிப்போன அன்று எனக்கே ஒன்று எழுதிவிடுவாரோ என்று பார்த்தேன்.

அதற்கு முந்தின தேர்தலில் அவர் வேறொருவருக்காக வாக்குச்சாவடி வாசலில் நின்றார். வீட்டுக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது. கம்பெனி லாரிகள் சந்து சந்தாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயினவாம். ஏறும்போது கையில் ஒரு சோற்றுப் பொட்டலம், இறங்கும்போது காதில் ஒரு சின்னம். சில லாரிகளில் சம்சு சாராயப் புட்டியும் சுற்றி வந்ததாம்.

"இதுக்குப் பேரு தேர்தலா? வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற மாதிரி ஏத்திட்டுப் போறானுங்க," என்றார்.

"உங்களுக்கு ஒரு பொட்டலம் குடுக்கலையா?" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு, தேர்தலில் நடக்கும் முறைகேடுகளை விசாரிக்க அரசாங்கம் ஒரு குழுவைப் போட்டது. மனிதருக்குக் கேட்கவா வேண்டும்! தட்டெழுத்து யந்திரம் ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டக் டக்கென்று தட்டி ஒரு நீண்ட கடிதம் போட்டார். லாரியில் ஆள் ஏற்றக் கூடாது. செலவுக்கு ஒரு வரம்பு வேண்டும். வேட்பாளர்களுக்குக் கம்பெனிகள் பணமோ பொருளோ கொடுக்கவே கூடாது. இதையெல்லாம் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சட்டம் வந்தது! ஓட்டுப் போடுவதே கட்டாயம் என்றார்கள். லாரி கூடாது என்றார்கள். செலவுக்கு வரம்பு, எல்லாச் செலவும் ஒரே முகவர் கை வழியாக, கடைசியில் சத்தியம் செய்து கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாய்விட்டுப் படித்த அழகைப் பார்க்க வேண்டும். சட்டசபையே அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதாக நினைப்பு.

கம்பெனிப் பணத்தைப் பற்றிய வரி மட்டும் அதில் இல்லை. திரும்பத் திரும்பத் தேடினார்.

"சட்டத்துல இல்லைன்னா என்ன? நான் நின்னா வாங்க மாட்டேன்," என்றார்.

"நீங்க எங்க நிக்கப் போறீங்க?" என்றேன் சிரித்துக்கொண்டே. ஒரு வாரத்தில் வேட்புமனு போட்டுவிட்டு வந்து நின்றார். சுயேச்சை. குடைச் சின்னம். மனுவோடு கட்டிய கட்டுப்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எங்கள் மகளின் காதுகுத்துக்கு நாங்கள் சேர்த்து வைத்த பணம். அன்றைக்கு நான் பேசிய பேச்சு கீழே பாய் கடை வரைக்கும் கேட்டிருக்கிறது. "என்னம்மா, மாடியில பொதுக்கூட்டமா?" என்று மறுநாள் கேட்டார்.

இப்படித்தான் வீட்டில் கோப்பிக்குத் தடை வந்தது. தமிழர் வீட்டில் வந்தவர்களை எப்படி வெறும் வாயோடு அனுப்புவது? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே என் கை தானாகக் கோப்பித் தூள் டப்பாவுக்குப் போகும். அவர் உள்ளே வந்து டப்பாவை உயரத்தில் தூக்கி வைப்பார்.

"தண்ணியாவது குடுக்கலாமா?"

சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "பச்சைத் தண்ணி குடுக்கலாம்."

"வெந்நி?"

கொஞ்ச நேரம் யோசித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்டது அவருக்குப் புரியவே இல்லை. "சீனி போடாம இருந்தா பரவால்ல," என்றார்.

ஒரு நாள் துறைமுகத்திலிருந்து நாலு தொழிலாளிகள், நல்ல வெயிலில் நடந்து, அவருக்காக வீடு வீடாகப் போய்விட்டுக் களைத்து வந்தார்கள். நான் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். அவர்களில் பெரியவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாயி, நாங்க உங்க வீட்டுக்காரருக்குத்தான் ஓட்டுப் போடப் போறோம். ஒரு கோப்பி குடிச்சா ஓட்டு மாறிருமா லா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார் என் வீட்டுக்காரர். கோப்பிக் கடையில் அவரவர் காசில் அவரவர் குடித்தார்கள், அவரும் அவர் காசில் குடித்தார். இப்படி ஒரு வேட்பாளரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இனி அண்ணனுக்கு வருகிறேன். என்னைவிட எட்டு வயது மூத்தவன். லாரி, கிடங்கு, இறக்குமதி என்று பல தொழில் செய்த ஒரு கம்பெனியில் சாதாரண ஆளாகச் சேர்ந்து, மேனேஜராகி, ஒரு சின்னப் பங்கும் வாங்கியிருந்தான். கம்பெனிப் பலகையில் கடைசியாக அவன் பெயரும் இருந்தது. அந்தப் பலகையை எனக்குக் காட்டுவதற்காகவே ஒருமுறை டாக்சி வைத்துக் கூட்டிப்போனான். வசதியானவர்கள் இருக்கும் காத்தோங்கில் வாடகை வீடு, சட்டைப் பையில் இரண்டு பேனா. நல்லவன். கை தாராளம். ஆனால் எது தன்னுடையது, எது கம்பெனியுடையது என்ற கோடு அவனுக்கு எப்போதோ அழிந்துபோயிருந்தது. எனக்குத் தீபாவளிச் சேலை கொண்டுவருவான். பெட்டியின் மேல் கம்பெனி முத்திரை இருக்கும்.

மகளுக்கு மூன்றாவது வயதில் காது குத்துவது என்று, தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன்பே நாள் குறித்திருந்தோம். அது சரியாக ஓட்டுப் போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் வந்து விழுந்தது. அதை விட்டால் அந்த வருஷம் நல்ல நாள் இல்லை. "கோயிலில் எளிமையாகச் செய்வோம், சாப்பாடு கிடையாது," என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். எனக்கும் சம்மதம்தான். பணத்தைத்தான் கட்டுப்பணமாகக் கட்டியாகிவிட்டதே! ஆனால் காதுகுத்து என்றால் தாய்மாமன் இல்லாமல் நடக்காது. பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் சீர்த்தட்டோடு வர வேண்டும். பெண் பிள்ளைக்கு அதுதான் கௌரவம், மாமனுக்கும் அதுதான் கௌரவம். வெறுங்கையோடு வந்த மாமன் என்று பெயர் வாங்கிவிட்டால் சாகும்வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் வந்தான். வாயெல்லாம் பல். கையில் ஓர் அழைப்புப் பத்திரிகை.

"உனக்கு எந்தச் செலவும் இல்லம்மா. எல்லாம் நான் பாத்துக்கிட்டேன். இதைப் பாரு," என்றான்.

பத்திரிகை மஞ்சள் தடவிப் பளபளவென்று இருந்தது. மேலே பிள்ளையார். அதற்குக் கீழே என் மகள் பெயர், காதணி விழா. அதற்கும் கீழே, குடைச் சின்னத்தில் போட்டியிடும் எங்கள் மாப்பிள்ளையின் செல்வ மகள் என்று ஒரு வரி, பக்கத்தில் விரித்த குடைப் படம். வட்டாரப் பெருமக்கள் அனைவரும் வந்திருந்து விருந்துண்டு செல்லுமாறு அழைப்பு. நல்வரவை நாடும் தாய்மாமன் என்ற இடத்தில் அண்ணன் பெயர் சின்னதாக, கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில். எங்கள் ஆட்கள் வீட்டு விசேஷப் பத்திரிகையில் கடைப் பெயர் போடுவது வழக்கம்தான். ஆனால் ஓட்டுச் சின்னத்தோடு காது குத்தியவன் உலகத்திலேயே என் அண்ணன் ஒருவன்தான்.

என் வீட்டுக்காரர் சாக்கு எண்ணிப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.

"மச்சான், இது பத்திரிகை இல்ல. இது தேர்தல் நோட்டீஸ். முகவர் கை வழியா வராத செலவு. அதுக்கும் மேல விருந்து. இதை வச்சு ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனா எல்லாம் போச்சு."

"என்ன மாப்ள பேசுறீங்க? என் மருமகளுக்கு நான் செய்யறதை எந்தச் சட்டம் வந்து தடுக்கும்? தாய்மாமன் சீருக்கு வெள்ளைக்காரன்கிட்ட லைசன்ஸ் வாங்கணுமா?"

"சீர் நீங்க செய்றீங்களா, கம்பெனி செய்யுதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"ஒண்ணு இல்ல மச்சான்."

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். யார் பக்கம் பேசினாலும் இன்னொரு பக்கம் அறுந்துவிடும். தாலி கட்டியவர் ஒரு பக்கம், கூடப் பிறந்தவன் ஒரு பக்கம், நடுவில் நான் என்ன செய்வேன்? "சரி, விருந்து வேணாம்னா விடுங்க," என்று எரிச்சலோடு எழுந்தான் அண்ணன். "ஆனா பத்திரிகையை எல்லாம் நேத்தே குடுத்தாச்சு." எங்கே என்று கேட்டோம். சிராங்கூன் ரோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எல்லாக் கடைக்கும்!

கொடுத்த பத்திரிகையைத் திருப்பி வாங்கிய குடும்பம் அந்த ரோட்டில் நாங்கள் மட்டும்தான். மூன்று சாயங்காலம் நானும் அவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். துணிக்கடையில், பூக்கடையில், தேக்கா மார்க்கெட் மீன்காரர்களிடத்தில். "ஏன் தங்கச்சி, விசேஷம் நின்னு போச்சா?" என்று கேட்பார்கள். "நிக்கலண்ணே, விசேஷம் உண்டு. சாப்பாடுதான் இல்ல. நீங்க வராதீங்க," என்பேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் பக்கத்தில் நின்று சட்டப் பிரிவை விளக்குவார். அவர் விளக்க விளக்க ஆட்கள் இன்னும் குழம்புவார்கள். பாய் மட்டும் தன் பத்திரிகையைத் தரவில்லை. அதில் சுருட்டிச் சீரகம் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "கவலைப்படாதீங்கம்மா, சீரகம் வாங்கினவருக்கு இங்க ஓட்டு இல்ல, அவரு ஜொகூர்காரர்," என்றார்.

காதுகுத்து நாள் வந்தது. விடிந்ததும் கோயிலுக்குப் போய்விட்டோம். நானும் அவரும் மகளும், நாலைந்து சொந்தக்காரர்களும். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு என் மகள் ராணி மாதிரி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். மாமன் வர வேண்டியதுதான் பாக்கி.

தூரத்தில் நாயனச் சத்தம் கேட்டது. நாங்கள் மேளம் சொல்லவே இல்லை.

இரண்டு லாரிகள் வந்தன. இரண்டின் பக்கத்திலும் கம்பெனிப் பெயர். முன் லாரியின் மேல் மேளக்காரர்கள், துணியில் வரைந்து கட்டிய பெரிய குடை. பின் லாரி நிறையச் சாப்பாட்டுப் பைகள். வரிசையாக அடுக்கிய காகிதப் பைகள் ஒவ்வொன்றிலும் என் மகள் பெயர், குடைப் படம். லாரிக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டு வந்தது. அண்ணன் பட்டு வேட்டி, பட்டுத் துண்டோடு முன்னால் இறங்கினான். பின்னால் ஆட்கள் தட்டுத் தட்டாக இறக்கினார்கள். பழம், தேங்காய், சர்க்கரை, பட்டுப்பாவாடை, நடுத்தட்டில் சின்ன டப்பாவில் கம்மல்.

விருந்து வேண்டாம் என்றதற்குத் தலையாட்டிவிட்டுப் போனவன்தானே! கோயில் வாசல் வரைக்கும் வந்துவிட்டால் யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் கோயில் படியில் நின்றார். அவர் வாயைத் திறந்தால் நாலு பேர் முன்னால் மாமனை மாப்பிள்ளை அவமானப்படுத்தியதாகிவிடும். திறக்காவிட்டால், லாரியும் சோறும் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், வாசலில் லாரியையும் சோற்றையும் வைத்துக்கொண்டு நிற்பார். எதிரணி ஆள் ஒருவன் ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, கட்டளையும் இடவில்லை. பாவமாக இருந்தது.

நான் இறங்கிப் போனேன். பயம்தான். ஆனால் எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"மேளத்தை நிறுத்தச் சொல்லுண்ணே."

நிறுத்தினார்கள்.

"உன்னை ஒண்ணு கேக்கிறேன். இதுல உன் காசு எது, கம்பெனி காசு எது?"

"ஏம்மா, இது கேக்கிற நேரமா?"

"இதுதான் நேரம். கம்பெனி காசுல வாங்கினதை லாரியில வச்சிரு. உன் காசுல வாங்கினதை உள்ள கொண்டு வா. அது ஒரு வெத்தல பாக்கா இருந்தாலும் நான் தலையில வச்சுக்கிறேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தட்டுகளைத் திரும்பிப் பார்த்தான். பழத்தட்டைப் பார்த்தான், ஆளுக்குச் சைகை காட்டினான், அது லாரிக்குப் போனது. தேங்காயும் போனது. பட்டுப்பாவாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதையும் அனுப்பினான். ஒவ்வொரு தட்டாகத் திரும்பிப் போகப் போக, அவன் முகத்தில் இருந்த மிடுக்கும் கூடவே இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் கம்மல் டப்பா மட்டும் நின்றது. அதையாவது வைத்துக்கொள்ள மாட்டானா என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். டப்பாவைத் திறந்து பார்த்தான். மூடினான்.

"இதையும் கம்பெனி செலவுலதான் எழுதினாங்க," என்றான் மெல்ல.

ஒரு தட்டுகூட மிஞ்சவில்லை. பட்டுத் துண்டோடு, வெறுங்கையோடு, ஒரு தெரு ஆட்கள் முன்னால் என் அண்ணன் நின்றான். ஐயோ, நானே என் கையால் அவனை இப்படி நிறுத்திவிட்டேனே! இப்போதே லாரியில் ஏறிப் போய்விடுவான், இனி என் வாசலை மிதிக்க மாட்டான் என்று தோன்றியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, மடி உன்னுதுதானே? அதைக் கம்பெனி வாங்கித் தரலையே?"

அவன் லாரியைத் திரும்பிப் பார்த்தான்.

"அது போதும். வந்து உக்காரு."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை, "வெறுங்கை மாமன்டி," என்று சொன்னது அவன் காதிலும் விழுந்தது. பிறகு லாரிக்காரரிடம் போய், எல்லாவற்றையும் கிடங்குக்குத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னான். லாரிகள் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். என் வீட்டுக்காரர் படியிலிருந்து இறங்கி வந்து, "வாங்க மச்சான்," என்று அவன் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

மடியில் உட்கார்ந்ததும் என் மகள் அவன் துண்டைப் பிடித்து இழுத்து விளையாடினாள். ஆசாரி ஒரு காதில் குத்தினார். கோபுரம் அதிர ஒரு கத்து! இரண்டாவது காதில் குத்தியபோது மாமனின் பட்டு வேட்டியை நனைத்தே விட்டாள். அண்ணன் குனிந்து பார்த்தான். "இது என் காசுல வாங்கின வேட்டி லா!" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் அடக்க முடியவில்லை, எங்களுக்கும் அடக்க முடியவில்லை. ஆசாரிகூட ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தங்கக் கம்மலுக்குப் பதிலாகக் காதில் வேப்பங்குச்சி செருகினோம். புண் சீக்கிரம் ஆற அதுதான் நல்லது என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் சிரித்துவிட்டால் தீர்ந்துவிடுமா? வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்களை விட்டு வேகமாக முன்னால் நடந்தான். நான் செய்தது சரிதானா? ஒரு தேர்தலுக்காக, ஒரு சட்டத்துக்காக, அதுவும் சட்டத்தில் இல்லாத ஒரு வரிக்காக, கூடப் பிறந்தவன் ஆசையாகக் கொண்டுவந்ததைத் தெருவில் வைத்துத் திருப்பிவிட்டேனே. அவன் காசோ கம்பெனிக் காசோ, ஆசை அவனுடையதுதானே. மனது அடித்துக்கொண்டது.

ரோட்டில் பாதி தூரம் வந்ததும், எதிர்த்து நின்றவரின் தேர்தல் அலுவலகத்துக்கு முன்னால் ஒரே கூட்டம். கடைகளின் முன்னால் போகும் ஐந்தடிப் பாதை முழுக்க ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புளிச்சோற்று வாசனை வந்தது. பக்கத்தில் போன பிறகுதான் கவனித்தேன். எல்லோர் கையிலும் காகிதப் பை, பையில் என் மகள் பெயர். குடைப் படத்தின் மேல் மட்டும் அவசர அவசரமாக மையைப் பூசியிருந்தார்கள். சந்தில் அந்த இரண்டு லாரிகளும் நின்றன.

வாசலில் நின்று வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தவர் கம்பெனியின் பெரிய பங்குதாரர். அண்ணனைப் பார்த்ததும் அவர் முகத்தில் கொஞ்சம்கூடச் சங்கடம் இல்லை.

"வாங்க, வாங்க! லாரிக்காரன் போன் பண்ணிச் சொன்னான். உங்க மாப்பிள்ளைக்கு வேணாம்னா வீணாக்க முடியுமா? குடும்பத்தோட உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க."

அண்ணன் ஒரு பையிலிருந்த பெயரைத் தொட்டுக் காட்டினான். "இது என் மருமக காதுகுத்துக்குச் சொன்ன சாப்பாடு," என்றான்.

"அதான் குத்தியாச்சே!" அவர் அண்ணன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இதுக்கெல்லாம் மனசு விடலாமா? நமக்கு யாரு ஜெயிச்சா என்ன? ஜெயிக்கிறவன் நம்ம சோத்தைத் தின்னவனா இருக்கணும். அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்து வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்தவனுக்கு, தன் மருமகளுக்குப் போன சீரும், தீபாவளிக்கு எனக்கு வந்த சேலையும், யார் யாருக்கோ போன பெட்டிகளும் அவர்கள் கண்ணில் எல்லாம் ஒரே சோறுதான் என்று அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் மகள் அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தாள்.

அவன் அந்தப் பெரிய மனிதரின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, உரக்கவே சொன்னான்.

"என் தங்கச்சி வீடு தின்னல."